அந்தோனியார் கூட்டில் வைத்த பெட்டி

பெயர்: செபஸ்தியான் ரொஷேல். வயது: 43. பால்: பெண். முகவரி: பழைய கிட்டங்கி ஒழுங்கை, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. தொழில்: தொழில்நுட்பக் கல்லூரியில் வானொலித் தொடர்பாடல் போதனாசிரியர், கண்டுபிடிப்பாளர்.

இரண்டாவது தொழிலை நான் கேட்டுத்தான், இதைப் பதியும் பொலிஸ் சார்ஜன்ட் சந்திரகுமார் சேர்த்து எழுதினார். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வேலையைப் பற்றி நான் சொல்வது என் மொழியிலேயே பதியப்பட வேண்டும் என்று கேட்டதால் இந்த வாக்குமூலம் தமிழில் எழுதப்படுகிறது.

எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள புனித அந்தோனியார் சுரூபக் கூட்டில், சுரூபத்தின் பின்பக்கம், பற்றரியும் வயரும் அன்டெனாவும் சிறு திரையும் உள்ள ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தது நான். அதைச் செய்ததும் நான். அது கைத்தொலைபேசி டவர் இல்லாமல் செய்தி கடத்தும் பெட்டி. ஒருவர் ஃபோனில் எழுதுவதைப் பக்கத்திலுள்ள பெட்டி வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்குக் கொடுக்கும். இவற்றுக்குத் தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது, ஒன்று பழுதானால் மற்றவை தாங்களே வேறு வழி தேடிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட பெட்டிகளை வெளிநாடுகளில் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அவை எங்கள் பகுதியில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. காரணம் துறைமுகம். அங்கே கொள்கலன்களை மாடிக்கணக்கில் அடுக்குவார்கள், கப்பல் வந்ததும் எடுப்பார்கள். அவை இரும்புச் சுவர்கள். காலையில் திறந்திருக்கும் வானலை வழி பின்னேரம் அடைபட்டுவிடும். ஆகவே என் பெட்டி பழைய வழியை நம்பாமல், ஒவ்வொரு செய்திக்கும் முன்னர் அக்கம்பக்கத்துப் பெட்டிகளிடம் இப்போது யாருக்குக் கேட்கிறது என்று விசாரித்துவிட்டே அனுப்பும். அந்த விசாரிப்பை மிகக் கொஞ்சப் பற்றரியில் செய்ய வைத்தது என் சொந்த வேலை. அதை வேறு எங்கும் நான் கண்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சுரூபக் கூட்டைத் தெரிவு செய்ததற்குக் காரணம் கேட்கப்பட்டது. அது உயரத்தில் இருக்கிறது. இரவு பகலாக பல்ப் எரிவதால் கரண்ட் இருக்கிறது. எங்கள் பகுதியில் கேற்றைக் கழற்றிக்கொண்டு போகிறவன்கூட அந்தோனியாரில் கை வைக்கமாட்டான். கூட்டைத் துடைத்துப் பூ வைக்கும் றோஸி அன்ரியிடம் அனுமதி கேட்டே வைத்தேன். அவர் என்னிடம், "காணாமப்போனத தேடிக் குடுக்கிறதுதானே அவர்ட வேல, வையுங்க பிள்ள" என்றார். அந்தப் பெட்டிக்கு அந்தோனியார் என்றே பெயரும் வைத்தேன்.

அதன்பின்னர் என் வீட்டிலும், சில வீட்டு மொட்டை மாடிகளிலும், மாளிகாவத்தை மாடிவீட்டுத் தொகுதியில் என் சிநேகிதி உம்மு குல்தூமின் வீட்டிலும் பெட்டிகள் வைத்தேன். தெற்கே வெள்ளவத்தையில், என்னோடு சேர்ந்து இந்தப் பெட்டிகளைச் செய்யும் சுதர்சினி, கடலோரத்துத் தன் மாடியில் ஒன்று வைத்தாள். ஆனால் வடக்கும் தெற்கும் சேரவில்லை. கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் எழும்பியுள்ள உயர் கட்டடங்கள் நடுவே நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல்மாடியில் ஒரேயொரு பெட்டி வைத்தால் போதும். கட்டட நிர்வாகங்கள் பலவற்றிடம் கேட்டேன். ஒருவரும் இடம் தரவில்லை.

போன வெள்ளத்தின்போது கரண்டும் போய் டவர்களும் நின்றன. உம்மு குல்தூமின் கணவர் மஷூர் சுவாச நோயாளி, அவருடைய ஒக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது. சுதர்சினியின் வீட்டில் நிரப்பிய சிலிண்டர் இருந்தது, அவளுடைய தகப்பனாருக்கு வாங்கியது. உம்மு குல்தூம் அனுப்பிய செய்தி அந்தோனியார்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்து, என் கணவர் நிக்கலஸை மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். வழியெல்லாம் தண்ணீர். அவர் சிலிண்டரோடு மாளிகாவத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மஷூரின் உதடுகள் நீலமாகியிருந்தன. அவர் பிழைத்தார். என் பெட்டியால் அல்ல, நிக்கலஸ் நன்றாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவதால். அன்றிலிருந்து சுதர்சினி ஒவ்வொரு நாள் காலையிலும் தன் பெட்டியிலிருந்து, கேட்குதா என்று ஒரு செய்தி அனுப்புவாள். ஒரு நாளும் எங்களுக்குக் கேட்கவில்லை.

இன்று காலை, திருநாளுக்காகக் கூட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பெட்டியைக் கண்டிருக்கிறார்கள். றோஸி அன்ரி கண் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருந்தார். கூட்டைக் கவனிப்பவர்களில் அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. பெயின்ட் அடித்தவர்களில் நான் குற்றம் காணவில்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் சுரூபத்துக்குப் பின்னால் வயரும் சிவப்பு லைட்டும் தெரிந்தால் நானும் ஓடித்தான் இருப்பேன்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது ஒழுங்கைக்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தது. குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூரத்திலிருந்து உடைப்பதற்கு ஆயத்தம் செய்தார்கள். நான் நாடாவுக்குக் கீழால் குனிந்து போய், "ஏக மகே, சேர்", அது என்னுடையது என்று சத்தமிட்டேன். இரண்டு பெண் பொலிஸார் என்னைப் பிடித்தார்கள். பெட்டி உடையும் என்பதைவிட, அந்தோனியாரும் சேர்ந்து உடைவார் என்ற எண்ணம்தான் எனக்கு அப்போது வந்தது. என் கைப்பையிலிருந்த ஃபோனில் எழுதினால் அந்தப் பெட்டி பதில் தரும் என்று சொன்னேன். அங்கிருந்த அதிகாரி யோசித்துவிட்டு அனுமதித்தார். நான் எழுதுவதற்கு முன்னமே மாளிகாவத்தையிலிருந்து ஒரு செய்தி வந்து பெட்டித் திரையிலும் என் ஃபோனிலும் விழுந்தது. "அந்தோனியார் பக்கத்தால ஒரு செய்தியும் இல்ல, என்ன நடந்த?" என்று உம்மு குல்தூம் கேட்டிருந்தாள். அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள், சொன்னேன். அதன்பின்னர் நாடாவை அவிழ்த்தார்கள்.

அதன்பின்னர் பெட்டியும் ஃபோனும் கைப்பற்றப்பட்டு, நானும் கோட்டையிலுள்ள இந்த விசாரணைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டேன். இது உயர்ந்த கட்டடம். அலுவலகம் மேல்மாடியில் இருக்கிறது. எனக்கு மரியாதையாகத் தேநீர் தரப்பட்டது. நிபுணர் வந்து பார்க்கும்வரை பெட்டியின் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்று இப்பிரிவின் பொறுப்பதிகாரி உத்தரவிட்டார். ஆட்கள் இருக்கும் மேசையிலும் வைக்க வேண்டாம் என்றார். ஆகவே அதைத் தெற்குப் பக்க ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். அந்த ஜன்னலிலிருந்து கடற்கரை நெடுகத் தெரிகிறது. நான் அதைக் கவனித்தேன்.

சார்ஜன்ட் என் பெயரையும் வயதையும் எழுதி முடித்த நேரத்தில் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. திரையில், "வெள்ளவத்தை. கேட்குதா?" என்று வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பதில் அனுப்ப அனுமதி கேட்டேன், மறுக்கப்பட்டது. ஆனால் செய்தி கிடைத்தால் கிடைத்தது என்று தானாக அறிவிக்கும்படி நான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறேன். அது அறிவித்துவிட்டது. உடனே, "ரொஷேல்! ஐயோ! எங்க இருந்து கதைக்கிறாய்?" என்று அடுத்தது வந்தது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று சார்ஜன்டிடமே கேட்டேன். அவர் சிரித்தார். நான் அழுதேன், அதையும் எழுதச் சொன்னேன்.

அதன்பின்னர் பொறுப்பதிகாரி வந்து, பெட்டி ஆபத்தற்றது என்று தெரிந்துவிட்டதாகவும், விளையாட்டுச் சாமான் என்று நினைத்து விளைவு தெரியாமல் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்தால் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றும், இல்லாவிட்டால் அனுமதியின்றி வானலை பரப்பியதாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும் என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மறுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால், இத்தனை வருட வேலையை நானே குப்பையில் போட்டதாகும். தெரிந்தே செய்தேன். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தெரிந்தே செய்தேன். அனுமதி தேவையென்றால் நீதிமன்றத்தில் கேட்பேன். பெயின்ட் அடிக்க வந்தவர்களைப் பயமுறுத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெட்டித் திரையில் மேலும் ஒரு செய்தி கடந்து போனது. அது எனக்கு வந்ததல்ல. மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக இங்கு வந்து, இங்கிருந்து வெள்ளவத்தைக்குப் போனது. "சுதர்சினி தங்கச்சி, மஷூர் சொகம். சிலிண்டர திருப்பித் தரணும்" என்றிருந்தது.

எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. என்னை எங்கே வைத்தாலும் பரவாயில்லை. வழக்கு முடியும்வரை அந்தப் பெட்டியை அலுமாரிக்குள் பூட்டாமல், அதே ஜன்னலில் விட்டு, பற்றரி இறங்கினால் கரண்டில் போட்டுவிட வேண்டும்.

இதில் உள்ளதெல்லாம் யாரும் சொல்லித் தராமல் நானே சொன்னவை. வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. மாற்றவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை.

(ஒப்பம்) செ. ரொஷேல்

என்னால் எழுதப்பட்டு, வாக்குமூலம் அளித்தவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வழக்குப் பொருளான சாம்பல் நிறப் பெட்டி, பொறுப்பதிகாரியின் உத்தரவின்படி தெற்கு ஜன்னலில், மின் இணைப்புடன் வைக்கப்பட்டுள்ளது.

(ஒப்பம்) பொலிஸ் சார்ஜன்ட் சந்திரகுமார்