யார் வயலில் நின்றீர்கள், அண்ணாச்சி?

தோல் தைத்துத் தொழில் வளர்த்து, தோளில் துண்டு சரியாமல் தலைமை தாங்கும் தளவாய் அண்ணாச்சி அவர்களே! வெள்ளை வேட்டியும் வெண்கலக் குரலுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! மாவாட்டிய கையின் ஈரம் காயாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் திட்டினால் இந்தியில் சிரிக்கும் என் தாராவித் தங்கங்களே! இட்லிக் கூடை சுமக்கும் அன்னத்தாயின் வணக்கம்.

மூன்றாம் வகுப்பு தாண்டாதவளுக்கு மைக் எதற்கு என்று வெயிலுமுத்து முணுமுணுக்கிறார். தம்பி, ஊர்ச் சங்க விருந்துக்குச் சமைத்தவள் நான். பேசி முடித்தால்தான் சோறு. உட்காரும்!

நம் ஊரில் மழை கொட்டியது. குளம் உடைந்தது. கதிர் வாங்கிய நெல் கிடந்து அழுகியது. அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. யாருக்கு? விதைத்தவளுக்கா? வியர்த்தவளுக்கா? விளைச்சலில் பாதியைப் பங்காக அளந்து கொடுத்து, அண்ணாச்சி வயலை உழுகிற சங்கரேஸ்வரிக்கா? இல்லை! பட்டாவில் பேர் உள்ளவருக்கு! நெல்லை நனைத்த மழை இங்கே தொண்ணூறடி ரோட்டில் அண்ணாச்சியின் தோல் பட்டறையில் பணமாகப் பெய்தது! அரசாங்கமே, அழுகியது பயிரா, பட்டாவா?

சேதம் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் ரயிலேறினார் நம் தலைவர். பேண்டை அவிழ்த்து வேட்டி கட்டினார். முகத்தில் சோகம் பூசினார். சேற்றில் இறங்கிப் படத்துக்கு நின்றார். குடை பிடித்த சங்கரேஸ்வரி சொன்னாள்:

“அண்ணாச்சி, இது நம்ம வயக்காடு இல்ல. வரப்புக்கு அந்தப் பக்கம்லா!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சரியான வயலில் ஏறி நின்றதும் அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

“ஏ சங்கரேசு, கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. படத்துல நீயும் விழுத.”

எங்கே சிரிப்பு? தள்ளி நில்! நாற்று நட்டவளே, தள்ளி நில்! களை பறித்தவளே, தள்ளி நில்! வெள்ளத்தில் இடுப்பளவு நின்று கதிரை அள்ளியவளே, நீ மட்டும் தள்ளி நில்!

“அரே அக்கா, பஸ் கரோ!” போதும் நிறுத்து என்று இந்தியில் அதட்டுகிறது ஒரு குரல். சட்டம் பட்டாவைத்தானே பார்க்கும் என்கிறது இன்னொரு குரல். சட்டம் அவளைப் பார்த்ததில்லை ஐயா. நீங்கள் பார்த்திருக்கிறீர்களே!

நேற்று சங்கரேஸ்வரி என்னைப் போனில் கூப்பிட்டு அழுதாள்.

“மைனி, தண்ணி வடிஞ்சிட்டு. மறுபடி வெதைக்கணும். வெதநெல்லுக்கு ஆருட்ட போயி நிப்பேன்? அண்ணாச்சி போனே எடுக்க மாட்டுக்காவ. இந்த வாரம் வெதைக்காட்டா வயலு தரிசுதான்.”

அப்படி அழுதவள்தான் இன்றைய விருந்துக்கு அரிசி அனுப்பியிருக்கிறாள். தன் வீட்டு நெற்குதிரின் அடியை வழித்து அனுப்பியிருக்கிறாள். ஏன்டீ என்றேன். “சங்கத்துச் சோறு நம்ம வயலு அரிசில்லா மைனி? மொறைய விட முடியுமா?” என்றாள். அவள் முறையை விடவில்லை. நாம்?

அண்ணாச்சி, எங்கே எழுந்துவிட்டீர்கள்? பந்திக்கா? சோறு வெந்துவிட்டது, மணக்கிறது. ஆனால் கரண்டி என் கையில். நிவாரணம் வாங்கிய எவருக்கும் அவள் அரிசியை நான் பரிமாற மாட்டேன். போனை எடுங்கள். அவள் பணத்தை அவளுக்கு அனுப்புங்கள். “வந்துட்டு மைனி” என்று இதே மைக்கில் அவள் குரல் கேட்கட்டும். முதல் இலை உங்களுக்குத்தான்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும் பசியோடு காத்திருக்கும் வயிறுகளுக்கும் நன்றி. இலைகள் கழுவியாயிற்று. வணக்கம்!