சுவருக்குக் காய்ச்சல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், சாயங்கால வெயிலுக்குப் பயந்து எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தோம். தலை மழித்த ஒருவர் மட்டும் வெயில் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

“இப்டி நிழலுக்கு வாங்க மாமா,” என்றான் அவருடைய மச்சினன்.

“இருக்கட்டும்டா. உங்கக்கா படுத்த படுக்கையா கெடந்தப்போ, ‘செவுத்துக்குக் காய்ச்சல் அடிக்குதுய்யா, கட்டில நவுத்து’ன்னு சொல்லிக்கினே இருந்தா. ஏதோ ஒளர்றாளேன்னு சிரிச்சேன்.”

“மேக்கால செவுரா?”

“ஆமா. அவ கட்டிலுக்கு எடம் பத்தாதுன்னு, ஒன்பது இஞ்ச் கனத்துல வைக்க வேண்டிய செவுத்த நாந்தான் நாலரை இஞ்சா எழுப்பச் சொன்னேன். அடக்கம் பண்ணிட்டு வந்து அதுல சாஞ்சேன் பாரு, பொழுது எறங்கியும் முதுகு வெந்துபோச்சு.”



“கட்டிலயாவது நவுத்தியிருக்கலாமே மாமா.”

“நவுத்திட்டேன்டா. காரியம் முடிஞ்சு, நேத்துதான்.”