ரிவர்ஸ் சாரின் மனைவி

இந்த நாற்காலி ஆடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்காகக் கப்பலில் இருந்துவிட்டு, நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்கிற ஒரு நாற்காலியில் உட்காருவது உடம்புக்கு எவ்வளவு நிம்மதி என்பது, தினமும் இந்த அறையில் உட்காருகிற உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. தண்ணீர் கொடுத்தீர்கள், மின்விசிறியைக் குறைத்தீர்கள், அதற்கும் நன்றி. மேஜையில் என் வீட்டுக்காரருடைய கேமராவை வைத்திருக்கிறீர்கள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் எப்படி விழுந்தார் என்று கேட்டீர்கள். அதை மட்டும் தனியாகச் சொன்னால் புரியாது ஐயா, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் சர்வேயர். நிலம் அளக்கிறவர். கருவியில் கண்ணை வைத்துவிட்டால் சோறு தண்ணீர் ஞாபகம் இருக்காது. எதிரே ஓர் உதவியாள் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இவர் அந்தக் கோலிலிருந்து பார்வையை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து போய்த் தனக்கு இடம் பிடிப்பார். பின்னால் கல் இருந்தாலும் கிணறு இருந்தாலும் அந்த ஆள்தான் குரல் கொடுக்கவேண்டும். "நில்லுங்க" என்றால் நிற்பார். சொல்லாதவரை நடப்பார். "திரும்பிப் பாத்தா கோடு போயிடும்" என்பது அவருடைய வாதம். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒருமுறைகூட விழுந்ததில்லை. "எனக்கு அமைஞ்ச ஆளுங்க அப்படி" என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஓய்வு பெற்றதும் கருவி போய்க் கேமரா வந்தது. உதவியாள் போய் நான் வந்தேன். எங்கே போனாலும் என்னை ஓரிடத்தில் நிறுத்துவார். எனக்குப் பின்னால் இருக்கிற கட்டடம் அடியிலிருந்து நுனிவரை படத்தில் விழுந்தாக வேண்டும். அதற்காகக் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் போவார், போவார், போய்க்கொண்டே இருப்பார். நான் சிரித்த முகத்தை மாற்றாமல் "படி இருக்குங்க", "சைக்கிள் வருது", "போதும் நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உதடு அசையாமல் சிரித்துக்கொண்டே பேச எனக்குப் பழகிவிட்டது.

நான் தையல்காரி. எங்கள் வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே என் மெஷின். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாண ரவிக்கை வரை அந்த ஜன்னல் வெளிச்சத்தில் தைத்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்து, தெருவில் போகிறவர்களை இரண்டு வார்த்தை கிண்டல் செய்து, துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தால் எனக்கு வேறு சொர்க்கம் தேவையில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டீர்களே, காரணம் இதுதான்.

ஊர் ஊராக உலகத்தைச் சுற்றிக் காட்டுகிற இந்த உல்லாசக் கப்பலில் ஏறும்போதே என் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆபத்தான பொருளாம், பயணம் முடிந்து இறங்கும்போது திருப்பித் தருவார்களாம். அதற்கு அப்புறம் என் கைகளுக்கு வேலையே இல்லை. எங்கள் அறையில் அலமாரியைத் திறந்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது. அவர் பல் துலக்கி முடிக்கும்வரை நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். ஒருநாள் அறையைச் சுத்தம் செய்கிற வேலைக்காரர் வருவதற்குமுன் நானே படுக்கையை மடித்து வைத்தேன். வந்து பார்த்த வேலைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. "அம்மா, என் மேல ஏதாவது குறையா? மேலதிகாரி பாத்தா என்னைத்தான் கேப்பாரு" என்றார். அன்றிலிருந்து அதையும் விட்டுவிட்டேன். பிறகு பக்கத்து மேஜை அம்மாளுக்குக் கிழிந்த பாவாடை ஓரம் தைத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஊசியை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். "வாழ்நாள் பூரா தச்சாச்சு. இங்கயும் ஊசியா? நீ மகாராணி மாதிரி உக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் ஒருநாளும் என்மேல் கை நீட்டியதில்லை, என்னைத் திட்டியதில்லை. நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

துறைமுகம் வந்தால் எல்லாரும் கப்பலில் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டி இறங்குவோம், பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவார்கள். எந்த ஊராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்: எதற்காவது முன்னால் நான் நிற்பேன், அவர் பின்னால் போவார். எங்களோடு ஒரே மேஜையில் சாப்பிடும் பல் டாக்டர்தான் அவருக்கு 'ரிவர்ஸ் சார்' என்று பெயர் வைத்தார். இவர் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியதும் பேருந்துக் கூட்டமே வாயால் ஹாரன் அடிக்கும். "உங்க கண்ணு எங்க சார் இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "அதோ, எதிர்ல நிக்குது பாருங்க" என்று என்னைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு ஊர் நெருங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் ஓட்டினேன்.

பயணம் முடிய இன்னும் சில ஊர்களே இருந்தபோது, ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அவர் கரண்டியால் டம்ளரைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். எனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறாராம். இந்தச் சுற்று முடிந்ததும் நாங்கள் இறங்கவேண்டியதில்லை, அடுத்த சுற்றுக்கும் அதற்கடுத்ததற்கும் இதே அறையை எடுத்துவிட்டார்.

"வீட்டுக்கு எப்பங்க போறது?" என்றேன்.

"எந்த வீட்டுக்கு? அதை வித்தாச்சும்மா. மாப்பிள்ளையே இருந்து எல்லாம் முடிச்சுட்டாரு. கிளம்பறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டியே, அதுதான். இனிமே நீ ஒரு பாத்திரம் கழுவ வேண்டாம், ஒரு துணி தைக்க வேண்டாம். கடைசிவரைக்கும் நாம ரெண்டு பேரும் கடல்லயே."

எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று என் கையைப் பிடித்தாள். அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். சத்தமில்லாமல், தட்டில் இருந்ததைச் சாப்பிட்டபடியே வெறுத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் கரையிலிருந்து மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "உனக்குத் தெரியும்னு நினைச்சேனேம்மா. வாங்கினவங்க குடியேறிட்டாங்க, பூட்டைக்கூட மாத்திட்டாங்க. மெஷினை நான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வாள். நான் ஒன்றும் பதறவில்லை. கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேர் இருக்கிறவரை கப்பல். ஒருத்தி மட்டும் என்றால் அந்த ஏற்பாடு தானாகவே கலைந்துவிடும், என்னை வீட்டுக்கு அனுப்பித்தானே ஆகவேண்டும்? அன்று நன்றாகத் தூங்கினேன்.

திட்டமா என்று கேட்டால் இல்லை. கைதவறி நடந்தது என்று சொல்கிற மாதிரியான காரியம் இது. அடுத்த ஊரில் ஒரு பூங்காவில் படம் எடுத்தபோது "நில்லுங்க" என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன். அவர் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். "என்ன, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று சிரித்தார். அதற்கடுத்த ஊரில் ஒரு நீர்த்தொட்டி. முழங்கால்வரை நனைந்தார், பேருந்து முழுக்க அதே பேச்சு. டாக்டர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். அப்போதும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதைத்தான் பார்க்க நினைத்தேன். தாமதமாகச் சொன்னாலும் திரும்பிப் பார்க்காமல் நடப்பாரா என்று. நடந்தார்.

கப்பலின் சுற்றுலா மேஜையில் இருக்கிற பெண், நான் அவளிடம் விசாரித்ததை உங்களிடம் சொன்னாளாமே. உண்மைதான். இனி வரும் ஊர்களில் உயரமான இடம், தடுப்பு இல்லாத இடம் எது என்று கேட்டேன். நல்ல பெண். என் பயத்தைப் பார்த்துக் கையைத் தடவிக் கொடுத்தாள். "கோட்டையில மட்டும்தான்மா சுவர் தாழ்வா இருக்கும், முட்டி உயரம்கூட வராது. கீழ பாறை. சாரைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் அந்த ஊருக்குக் கடற்கரைதான் போகலாம் என்றார். நான்தான் கோட்டை என்றேன். இந்தப் பயணத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் இடம் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோட்டை மேல்தளத்தில் ஒரு பழைய கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்னை நிறுத்தினார். கூட்டம் கீழே வழிகாட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று அதிகம். புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். கோபுரத்தின் நுனி வரவில்லை என்றார். பின்னால் போனார். நான் வாயே திறக்கவில்லை. நான் செய்த குற்றம் அவ்வளவுதான், சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பேசாமல் நின்றதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ, அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கேமராவை ஏன் என் பக்கம் திருப்புகிறீர்கள்?

ஓகோ. அந்தப் பொத்தானை மாற்றி அமுக்குவது அவருக்கு வழக்கம். படம் எடுக்கிறேன் என்று வீடியோவை ஓடவிட்டுவிடுவார், அப்புறம் அறைக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், அது என் குரல்தான். ஒலியைக் கூட்ட வேண்டாம், எனக்கு நன்றாகவே கேட்கிறது.

"நிக்கவாம்மா?" என்று அவர் கேட்கிறார். இது எனக்கு மறந்துபோயிருந்தது. மற்ற இடங்களில் அவர் கேட்டதே இல்லை. "இன்னும் இடம் இருக்குங்க" என்று சொல்கிறேன். "போதுமா?" என்கிறார். "இன்னும் ரெண்டடி. தாராளமா வாங்க" என்கிறேன். பாருங்கள், சிரிப்பு கொஞ்சமும் கலையவில்லை. அதற்கப்புறம் வானம்தான் தெரிகிறது. விழும்போதுகூட அவர் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

சரி ஐயா. நான்தான் கொன்றேன். வாயால் கொன்றேன் என்று எழுதுங்கள், மேலேயிருந்து தள்ளினேன் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். வீடியோவைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி நிறுத்துங்கள். அங்கேதான். கோபுரம் அடியிலிருந்து நுனிவரை வந்திருக்கிறது பார்த்தீர்களா? கடைசியில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். அது முடிந்ததும் கப்பலிலிருந்து என் கத்தரிக்கோலை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் இறங்கிவிட்டேன் அல்லவா, தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கைப்பையையும் கொடுத்துவிடுங்கள். சோதித்தபோது ஒரு சாவி இருந்ததே, அது எங்கள் வாசற்கதவுச் சாவி. மகள் என்ன சொன்னாலும் அந்தக் கதவை எனக்குத் தெரியும். கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பினால் திறந்துகொள்ளும்.