நானூறு தடவை

— நானூறா? எதுக்கு அண்ணி அவ்வளவு?

— நூறு பத்தாது தம்பி. பல்பு கம்பெனியில பதினோரு வருஷமா எனக்கு இதுதானே வேலை. கொஞ்சம் எடுத்துப் பாத்து, மொத்தமும் சரியா இருக்கான்னு சொல்றது. போன வாரம், நீங்க தினம் வேலைக்கு முன்னாடி சுத்துற காசுன்னு மட்டும் சொல்லி நீ குடுத்ததை இந்த மேசையிலேயே சுத்திவிட்டேன். காசு ஒழுங்கா இருந்தா தலை இருநூறு விழணும். இருபது கூடும், இருபது குறையும், அது சகஜம்.

— எவ்வளவு விழுந்துச்சு?

— இருநூத்தி நாப்பத்தொம்பது.

— அப்படி விழவே விழாதா?

— விழும். பத்து லட்சத்துல ஒரு தடவை.

— என்னமோ போங்க அண்ணி. சாயா குடிச்சீங்களா?

— தலை விழுந்தா நீ மேல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. உங்கண்ணன் டேங்குக்குள்ள இறங்கிக் கழுவுவாரு. ஆறு மாசமா அவர்தான் அதிகம் இறங்கியிருக்காரு. அன்னைக்கும் அவர்தான். உள்ள விஷவாயு அடிச்சு, தூக்குறதுக்குள்ள மூச்சு போயிடுச்சு.

— என் மேல சந்தேகமா?

— ஆமா. எனக்கு அழுகைகூட வரல தம்பி. சந்தேகம் மட்டும்தான் வருது.

— என் பொண்ணு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அது என் காசே இல்ல அண்ணி. அண்ணனோடது. டேங்க் மூடி மேல அப்படியே கிடந்துச்சு, விட்டுட்டு வர மனசு வரல.

— அவரோடதா?

— முன்னாடியெல்லாம் முறை வெச்சுத்தானே இறங்குவோம், ஒருநாள் நான், ஒருநாள் அவரு. பொண்ணு பொறந்து நான் வேலைக்குத் திரும்பின அன்னைக்கு அண்ணன்தான் அந்தக் காசை எடுத்தாரு. 'இனிமே முறை கிறையெல்லாம் வேணாம்டா, சுத்திப் பாத்துக்கலாம். தலை விழுந்தா நான் இறங்குறேன், பூ விழுந்தா நீ'ன்னாரு. ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல.

— உன் பொண்ணு பொறந்தப்பவா?

— ஆமா அண்ணி. ஏன், என்னாச்சு? தண்ணி கொண்டாரவா?

— வேணாம், உக்காரு. அந்த வாரம் பூரா டப்பாவுல இருந்த சில்லறையெல்லாம் இங்க கொட்டி ஒவ்வொண்ணா சுத்திக்கிட்டிருந்தாரு. சத்தம் தாங்கலன்னு திட்டினேன். எத்தனை தடவை சுத்திப் பாத்தா ஒரு காசை நம்பலாம்னு கேட்டாரு. நானூறுன்னு நான்தான் சொன்னேன்.