பேர்சொன்ன கல்

"புருஷன் பேரைச் சொல்லுங்கம்மா" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த வெளியூர் அதிகாரி.

"பிள்ளையாருக்குத் தம்பி" என்றாள் வரிசையில் முதலில் நின்ற பேச்சி.

அதிகாரி சிரித்துவிட்டார். "முருகனா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"சாடை சொன்னா ஆகாது சார். அவ வாயால சொல்லட்டும்" என்றார் பெரியபண்ணையின் கணக்கப்பிள்ளை ஆழ்வாரப்பன். அப்போதெல்லாம் ஓட்டுக்கு நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி, அதன்மேல் அவரவர் சின்னம். தராசுப் பெட்டிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

செங்கரட்டுச் சனங்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள் அது என்பார்கள். அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பேச்சி, மீதிப் பேர் மாரி. சாமி பேரை விட்டால் வேறு பேர் வைக்கத் தெரியாத ஊர். எந்தப் பேச்சி என்று தெரிய புருஷன் பேர் வேண்டும். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். அதனால் எங்கே கேட்டாலும் பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். அன்றைக்கும் பின்னால் நின்றவள் வாயெடுத்தாள்.

"நீ எதுக்குட்டி சொல்லுத? ஓட்டு அவளுக்கா, உனக்கா?" என்றார் கணக்கப்பிள்ளை.

சட்டம் அப்படித்தானா என்று அதிகாரிக்கும் தெரியவில்லையாம். எல்லோருக்கும் அது முதல் தடவை.

கணக்கப்பிள்ளைக்குக் காரணம் இருந்தது. ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது பண்ணைத் தோட்டத்துக்குள் இருந்தது. பண்ணை மாடுகள் குடித்து முடித்த பிறகுதான் பெண்கள் இறைக்கலாம். தராசுப் பெட்டி பண்ணையின் மைத்துனருக்கு. குடப் பெட்டிக்காரர் ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆண்கள் பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள், தராசில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். தண்ணீர் சுமக்கிறவர்கள் எதில் போடுவார்கள் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு பேச்சி திரும்பிப் போனாள். ஒரு மாரி திரும்பிப் போனாள். ஒரு பேச்சி, ஒரு மாரி. அப்படியே வரிசை கரைந்தது என்பார்கள்.

கடைசியில் நெட்டைப் பேச்சி வந்து நின்றாள். அவள் புருஷன் இளைப்பு வந்து வீட்டில் படுத்திருந்தான்.

"உன் வீட்டுக்காரன் கெடக்க கெடையில, நீ சொல்லிருவியாக்கும்?" என்றார் கணக்கப்பிள்ளை.

"வெயிலுமுத்து" என்றாள் நெட்டைப் பேச்சி.

வாசலில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அவள் விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு சாக்குத் திரைக்குப் பின்னால் போனாள். வந்தாள். நடந்தாள்.

வீட்டுக்குப் போனால் புருஷன் விழித்திருந்தான். சேதி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது.

"சொன்னியாம்லா?"

"ஆமா."

"எங்க, இன்னொருக்கச் சொல்லு. நான் கேட்டதே இல்லையே."

"போங்க அங்கிட்டு."

அவள் சொல்லவில்லை.

தராசுதான் ஜெயித்தது. செங்கரட்டுக் குடப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சீட்டு. யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே பண்ணைக் கிணற்றில் அவள் குடத்துக்குக் கயிறு கொடுக்கவில்லை. ஓடையில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை கரையில் கிடந்த கல்லில் உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏற ஏற ஊற்றும் வற்றியது. நோயாளிக்கு வாய் நனைக்க மட்டும் கிடைத்தது. சித்திரை முடிவதற்குள் வெயிலுமுத்து செத்துப்போனான்.

"பேரைச் சொல்லிக் கொன்னுட்டா" என்றது ஊர். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவளே அப்படித்தான் நம்பினாள் என்பார்கள்.

பொதுக்கிணறு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பண்ணைத் தோட்டத்துக்குள்ளேயே வெட்டினார்கள்.

அந்தக் கல் இன்னும் ஓடைக்கரையில் கிடக்கிறது. பேர்சொன்ன கல் என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். ஓட்டு நாளில் செங்கரட்டுப் பெண்கள் அதில் ஒருகணம் உட்கார்ந்து, புருஷன் பேரைக் கல்லுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இப்போது ஓட்டுச் சாவடியில் யாரும் புருஷன் பேர் கேட்பதில்லை. ஓடையில் ஊற்றும் இல்லை.

அடுத்த ஓட்டு வந்தபோதும் நெட்டைப் பேச்சி போனாளாம். அதே மேசை, அதே கணக்கப்பிள்ளை. அதிகாரி மட்டும் வேறு ஆள்.

"புருஷன் பேர்?"

"கேக்க வேண்டாம் சார். இவளை எல்லாருக்கும் தெரியும்" என்றார் கணக்கப்பிள்ளை.

கேட்கவில்லை. சீட்டைக் கொடுத்தார்கள். போட்டாள். அந்த முறையும் ஜெயித்தது தராசுதான்.

திரும்பி வரும்போது ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து, "வெயிலுமுத்து" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாளாம். பண்ணைக் கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். பின்தங்கி வந்த ஒருத்தி குடத்தை இறக்கினாள். கல்லின் மறுகோடியில் உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது. பிறகு சும்மாட்டைச் சரிசெய்து, குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.