பதினொரு பேரின் கைகள்

சீனி போட வேண்டாம் சார், எனக்கு இனிப்புநீர் வியாதி. வெறும் தேத்தண்ணி போதும்.

நீங்கள் வரும்வரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டீர்கள். முதல் நாள் ராத்திரி போலீஸில் புகார் எழுதியபோது, காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் பெரட்டு ஆறு மணிக்கு. ஆள்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிட்டால், பிறகு ஒவ்வொருவனும் ஒரு மூலையில் இருப்பான். அதனால்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். மாயாண்டி, ஐம்பத்தாறு வயது, லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆறு வருஷமாகத்தான் ஆள்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை. அதற்குமுன் முப்பது வருஷம் நானே குலை வெட்டினேன்.

என் மகள் ரோகினி செனாவாங்கில் தொழிற்சாலைக்குப் போகிறாள். அந்தத் திங்கட்கிழமை நாலரைக்குக் கம்பெனி பஸ் அவளைச் சாலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து லயத்துக்குச் செம்பனை வழியாகப் பத்து நிமிட நடை. நல்ல மழை. அவள் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறேகால், ஒரு காலில் மட்டும் செருப்பு. நடந்ததை உங்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள்; நான் திரும்பச் சொல்ல மாட்டேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லையாம். வலது கையைக் கடித்துவிட்டேன், வாயெல்லாம் ரத்தம் என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் பெரட்டில் பதினொரு பேர். எல்லோரையும் கையை நீட்டச் சொன்னேன். ஏழு பேர் கையில் புண். செம்பனை மட்டையில் முள் வரிசையாக இருக்கும், வழுக்கினால் வரிசையாகத்தான் குத்தும். அது எனக்குத் தெரியாததில்லை. என் கையைப் பார்க்கிறீர்கள். ஆமாம் சார், இந்த அரைவட்டமும் முள்தான். பன்னிரண்டு வருஷத் தழும்பு.

சன்னாசி மட்டும் சிரித்தான். "என்னாண்ணே, காலங்காத்தால ரேகை பாக்குறீங்களா? எனக்குப் பொண்ணு எந்தத் திசையில இருக்குன்னு சொல்லுங்க லா" என்றான். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும். அவன் அன்று காலையில்தான் லுக்குட்டிலிருந்து வந்திருந்தான், அதனால் தெரியவில்லை. எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. நன்றாக நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

உர ஸ்டோருக்கு வா என்றேன். மூட்டை தூக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தான். கதவைத் தாழ்ப்பாள் போட்டது நான். வேறு யார் பெயரையும் எழுதாதீர்கள்.

கையில் என்ன என்று கேட்டேன்.

"முள்ளுண்ணே. வெள்ளிக்கிழம நீங்கதான மருந்து போட்டுவிட்டீங்க."

அது உண்மைதான். அந்த மஞ்சள் மருந்துப் புட்டி இன்னும் என் மோட்டார்சைக்கிள் பெட்டியில் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை முள் குத்தின கையைத் திங்கட்கிழமை ஒருத்தி கடித்திருக்கக் கூடாதா? நான் அப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அந்த யோசனையில் குறை தெரியவில்லை.

நேற்று நாலரைக்கு எங்கே இருந்தாய் என்றேன். லுக்குட்டில் ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குச் செயின் மாற்றிக்கொண்டிருந்தேன், பிறகு அக்கா வீட்டில் படுத்துவிட்டேன் என்றான். "போன் போட்டுக் கேளுங்கண்ணே" என்று ஒர்க்‌ஷாப் நம்பரையும் சொன்னான். என் சட்டைப்பையில் போன் இருந்தது. அந்த நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

கையிலிருந்து ஆரம்பித்தேன். குலை வெட்டும் அரிவாளைக் கம்பிலிருந்து கழற்றி வைத்திருந்தேன். மணிக்கட்டு இரண்டு வெட்டில் போய்விட்டது. அவன் உர மூட்டைகள்மேல் சாய்ந்தான், வெள்ளை உரம் உடனே சிவந்துவிட்டது. இந்த மாதிரி ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று காப்பிக்கடையில் எல்லோரும் சொல்வார்கள் தெரியுமா, ஜெயிலும் பிரம்படியும் போதாது, இன்னதை அறுக்க வேண்டும் என்று? சொல்கிறவர்கள் யாரும் செய்வதில்லை. நான் செய்தேன். அவசரப்படவில்லை. கடைசிவரை அவன் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

பாதியில் ரோகினி வந்து கதவைத் தட்டினாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா, சன்னாசி மாமா இல்லப்பா. அந்த ஆளோட குரல் வேற. எனக்குத் தெரியாதாப்பா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பயத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே இருந்தபடியே, நீ வீட்டுக்குப் போ, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் போகவில்லை. கதவைத் திறந்தபோது அங்கேயே உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அன்று காலை உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்றும் தெரியும். வருத்தமில்லை. அவளுக்காகச் செய்தது, ஒருநாள் அவளுக்குப் புரியும்.

இப்போது ரோகினியிடம் ஆஸ்பத்திரியில் எடுத்த சாம்பிள் வேறு ஒருவனோடு ஒத்துப்போகிறது என்கிறீர்கள். லாரிக்காரன். அவனைப் பிடித்து இதே ஸ்டேஷனில் வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். இருக்கலாம் சார். நான் மறுக்கவில்லை. சன்னாசியைக் கொன்றது நான்தான், அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடுத்த தண்டனையில் தப்பில்லை. ஆளில்தான் தப்பு. இரண்டும் ஒன்றில்லை.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன், ஜீவானந்தன் சார். நீங்களும் பெண்பிள்ளை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மிஷின் சொல்வது இருக்கட்டும். அந்த லாரிக்காரனை ஐந்து நிமிஷம் இங்கே கூட்டிவந்து, வலது கையை நீட்டச் சொல்லுங்கள். பார்த்ததும் நான் சொல்லிவிடுவேன்.