திரும்பிப் பார்க்காமல் வந்தவன்

ஊசி போடுகிற கையால் இன்று ரிப்பன் வெட்டி, இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் கால்நடை மருத்துவர் ஷீபா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! களையெடுத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துச் சொந்தங்களே! வணக்கம்.

வளர்க்க முடியாத பிராணியை ஒப்படைக்க நம் ஊருக்கு ஒரு கொட்டகை வந்துவிட்டது. ஆறு மாதம் முன்பே வந்திருந்தால், சுருளியாண்டியாகிய நான் ஒரு பாவம் செய்திருக்க மாட்டேன்.

என் செவலை நாய், பக்கத்து வீட்டு மாயக்காளின் கோழிகளில் நான்கைத் தின்றது. யாரங்கே, "அஞ்சு" என்பது? சரி ஆத்தா, அஞ்சு! கட்டினேன், கயிற்றைக் கடித்தது. கதவடைத்தேன், சுவரைத் தாண்டியது. மொபெட்டில் ஏற்றிப் போய்ச் சுருளி அருவிக் காட்டோரம் இறக்கினேன். இறந்தவர்க்குக் காரியம் முடித்தவர்கள் அங்கே திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? அந்த வழக்கத்தை என் நாய்க்கும் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்!

வாசலில் என் மனைவி ஜோதிலட்சுமி கேட்டாள்: "அங்கன விட்டுட்டு வந்துட்டீகளா?"

"விட்டாச்சு."

"அப்ப உங்க பின்னாடி நிக்கிறது ஆரு?"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு பாதமும் தோலுரிந்து, ரத்தம் கசிய நின்றது செவலை. வண்டிக்குப் பின்னாலேயே வழிநெடுக ஓடி வந்திருக்கிறது. கண்ணாடியில் தெரியவில்லையா என்கிறீரா? அது போன வருஷமே உடைந்துவிட்டது ஐயா!

நம்மை நம்பியதைக் காட்டில் விடுவது விடுதலையா? சிறுத்தைக்கு வைத்த விருந்தல்லவா? நாயின் ருசி கண்ட சிறுத்தை நம் தொழுவத்தைத் தேடாதா? தோட்டத்துக் குரங்கைப் பிடித்து ஓடைப்பட்டியில் விட்டோமே, மறுவாரமே ஓடைப்பட்டிக்காரர்கள் நம் திராட்சைக் கொடிக்குப் பத்துக் குரங்கை அனுப்பவில்லையா? காட்டு மிருகம் தோட்டத்துக்கு வந்தால் கூண்டு வேண்டாம், மின்வேலி வேண்டாம். வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

டாக்டரம்மா செவலையின் காலுக்குக் கட்டுப் போட்டார். கோழியே இல்லாத வீடாகத் தேடினார். ராயப்பன்பட்டி ஜெபமணி ஐயா வாங்கிக்கொண்டார். அது குரைக்கிற குரைப்பில் அவர் தோட்டத்துக்குள் இப்போது காட்டுப்பன்றி வருவதில்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். ஓடிவந்து என் கையை நக்கியது. பிறகு ஐயாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு!

தாய்மார்களே, திரும்பிப் பார்க்காத வழக்கம் இறந்தவர்க்கு, உயிரோடிருப்பதற்கு அல்ல! விட வேண்டி வந்தால் இந்தக் கொட்டகையில் விடுங்கள். விட்டபின் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ராயப்பன்பட்டியில் அன்று நான் திரும்பிப் பார்த்தேன். செவலை என் பின்னால் வரவில்லை.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்களுக்கும், ஐந்து கோழியையும் பொறுத்த மாயக்காளுக்கும் என் நன்றி! வணக்கம்!